உள்ளே வர மெஷின் நேரம், வெளியே போக சங்கு நேரம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் எது கெட்டாலும் போன் வரும், நேரம் கெட்டால் மட்டும் வராது. பிரிண்டர் பேப்பரை மென்றுவிட்டால் அரை மணிக்குள் நாலு மிஸ்டு கால் இருக்கும். இண்டர்நெட் நின்றால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதே கம்ப்யூட்டர் திரையின் மூலையில் கடிகாரம் இருபது நிமிஷம் தப்பாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ள நாலு பேரும் அதைப் பார்ப்பார்கள், மனசுக்குள்ளே கழித்துக்கொள்வார்கள், காபி குடிக்கப் போய்விடுவார்கள். கேட்டால், "டைம்தானே மேடம்" என்பார்கள்.

என்னைப் போலவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஸ்கூட்டரில் அலைகிறவர்களே, உங்களுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும். எந்த மெஷினுக்கும் நேரம் தானாகத் தெரியாது. உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, அதை நம்பி ஒரு சில்லு எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை தவறத்தான் செய்யும். அதனால் இண்டர்நெட்டில் சரியான நேரம் வைத்திருக்கும் ஒரு சர்வரை அவ்வப்போது கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு ஸ்விட்ச்தான், 'ஆட்டோ' என்று போட்டிருக்கும். அதைப் போட்டு வைத்துவிட்டு வந்தால், நம் தலை மறைந்ததும் யாராவது அணைத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாமா கோபப்படுவது என்று கேட்காதீர்கள். தேர்வாய் கண்டிகையில் கோமதி என்ற பெண்ணுக்கு ஒன்பது நிமிஷத்தால் வேலை போக இருந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நாட்களில் நான் போன மற்ற இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன். சேர்த்துச் சொன்னால்தான் என் கோபம் நியாயமானதா இல்லையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியும்.

இரண்டாம் கேட்

அந்தத் தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர், கேமரா, விரல் வைத்து வருகை பதிகிற பஞ்ச் மெஷின் எல்லாவற்றையும் வருஷ ஒப்பந்தத்தில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசம் ஒரு தடவை போவேன், நடுவில் ஏதாவது கெட்டால் ஓடுவேன். ஒரு புதன்கிழமை காலை இரண்டாம் கேட்டில் கேமரா தெரியவில்லை என்று கூப்பிட்டார்கள். முதல் கேட் ஆபீஸ்காரர்களும் கம்பெனி பஸ்ஸும் வருகிற வழி. இரண்டாம் கேட் வழியாக வருகிறவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் வருகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான் ஏணியில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "மேடம், நீதான மிஷின் மேடம்? இத்த பாரு. எம் போன்ல பத்து பன்னெண்டு. அந்த பஞ்ச் மிஷின்ல பத்து இருபத்தொண்ணு. திங்கக்கெழம நான் அஞ்சு அம்பத்தஞ்சுக்கே வந்துட்டேன்னு சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்றாங்க."

அவள்தான் கோமதி. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு தாண்டினால் லேட், மூன்று லேட் சேர்ந்தால் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணை, விசாரணையில் தப்பு என்று ஆனால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை அவள் அட்டையை வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் மெஷினின் குணம் தெரிந்து ஐந்தே முக்காலுக்கே வந்து நிற்கப் பழகியிருந்தார்கள். அவள் கிராமத்து ஷேர் ஆட்டோ ஐந்து ஐம்பதுக்கு முன்னால் வந்து சேராது, அது கொஞ்சம் தாமதித்தாலும் மெஷினில் ஆறு தாண்டிவிடும். நான் இறங்கிப் போய் மெஷினைப் பார்த்தேன். சுத்தமாக ஒன்பது நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டோ ஸ்விட்ச் அணைந்திருந்தது. முதல் கேட் மெஷினோ ஒரு விநாடி பிசகாமல் இருந்தது. அப்படியானால் ஷிப்ட் முடிந்து போகும்போது ஒன்பது நிமிஷம் முன்னாலேயே விடுகிறார்களா என்று கேட்டேன். இல்லையாம். வெளியே போவதற்குச் சங்கு ஊத வேண்டுமாம். சங்கு ஆபீஸ் நேரப்படி ஊதும். உள்ளே வருவதற்கு ஒரு நேரம், வெளியே போவதற்கு ஒரு நேரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷினின் பாஸ்வேர்டு கேட் சூப்பர்வைசர் தனசேகரிடம் இருந்தது. நல்ல மனுஷர்தான், எப்போது போனாலும் டீ வாங்கித் தருவார். "யார் சார் மாத்தினது?" என்று கேட்டேன். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. புதுசாக வருகிறவர்கள் சோம்பேறித்தனமாக வருகிறார்களாம், ஒழுங்குக்குக் கொண்டுவர அவரே மாற்றினாராம். உடனே திருத்துங்கள் என்றேன், மேனேஜர் மெயில் போட்டால்தான் தொடுவேன் என்றார். மேனேஜரிடம் போனேன். விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை, அன்றைக்கு வந்து சொல்லுங்கள், அதுவரை எதையும் தொடக்கூடாது என்றார். திரும்பி வரும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தனசேகர் சொன்னார்: "நல்லதுக்குத்தான் மேடம் தள்ளி வெச்சிக்கிறேன். எங்க ஊட்ல கூட கடியாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுதான், இன்னா இப்போ?"

டிரெயின் பிடிக்கிற போன்

'எங்கள் வீட்டில் கூட' என்று அவர் சொன்னது பொய்யில்லை. நம் பக்கத்தில் கடிகாரம் சரியாக ஓடுகிற வீட்டை நான் பார்த்தது குறைவு. அடுத்த நாளே திருநின்றவூரில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்கிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்குப் போனில் ஒரு ஆறு இலக்க எண் வரும், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும், அதை அடிக்க வேண்டும். மூன்று வாரமாக எந்த எண்ணை அடித்தாலும் தப்பு என்கிறதாம். ஆபீஸில் சண்டை போட்டிருக்கிறார், போனை மாற்றலாமா என்று கடைக்குப் போயிருக்கிறார், இண்டர்நெட்காரரைத் திட்டியிருக்கிறார். நான் போனை வாங்கிப் பார்த்தேன். பத்து நிமிஷம் முன்னால் இருந்தது. தானாகச் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்த போனை, மெனுவுக்குள் தேடிப் போய், ஆட்டோவை அணைத்து, கையால் பத்து நிமிஷம் தள்ளியிருக்கிறார். எலெக்ட்ரிக் டிரெயின் தவறக்கூடாதாம். அந்த எண் நேரத்தை வைத்துத்தான் பிறக்கிறது. இவர் அடித்துக்கொண்டிருந்ததெல்லாம் இன்னும் பத்து நிமிஷம் கழித்து வரப்போகிற எண்.

"பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு உங்களுக்கே தெரியுமே சார், பார்த்ததும் கழிச்சிட மாட்டீங்களா?" என்று கேட்டேன். ஆமாம், கழித்துவிடுவார். கழித்துவிட்டு நிதானமாகச் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அதனால் அவர் மனைவி ஹாலில் இருக்கிற சுவர்க் கடிகாரத்தை அவருக்குத் தெரியாமல் இன்னும் ஐந்து நிமிஷம் தள்ளி வைத்திருக்கிறார். அதை ஒருநாள் கண்டுபிடித்து இவர் பதினைந்தாகக் கழிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு குடும்பமே கூட்டல் கழித்தலில் ஓடிக்கொண்டிருந்தது! இரண்டு நிமிஷத்தில் போனையும் கம்ப்யூட்டரையும் சரி செய்தேன், எண்ணும் ஏற்றுக்கொண்டது. நன்றி சொல்வார்கள் என்று நினைத்தால் அந்த அம்மா என்னை வாசல் வரை வந்து வழியனுப்பிச் சொன்னார்: "இப்ப கரெக்ட் டைம் வெச்சிட்டுப் போறீங்க. நாளைக்கு இவருக்கு டிரெயின் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

ஏழுமலையை நகர்த்திய கேமரா

திருவள்ளூரில் ஒரு பெயிண்ட் கடை. வாசலில் நிறுத்தியிருந்த வாடிக்கையாளர் பைக் பட்டப்பகலில் பதினோரு மணிக்குக் காணாமல் போய்விட்டது. முதலாளி கேமரா பதிவைப் பதினோரு மணிக்கு வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். பைக்கே இல்லை. ஆனால் வாசலில் ஒரு ஆள் குனிந்து நிமிர்ந்து எதையோ தூக்குவது தெரிந்திருக்கிறது. வாட்டர் கேன் போடுகிற ஏழுமலை. அந்தப் படத்தை எடுத்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். ஏழுமலையைக் கூப்பிட்டு மத்தியானம் வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு நீ அங்கே என்ன செய்தாய், பைக் எங்கே என்று ஒரே கேள்வி. அவர் எட்டரைக்கே கேனைப் போட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். கேமராவில் இருக்கிறதே என்று காட்டியிருக்கிறார்கள்.

பதிவைக் காப்பி எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் மெஷினைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அது சீனாவில் செய்த மெஷின். பெட்டியிலிருந்து எடுத்தபோது எந்த ஊர் நேரத்தில் இருந்ததோ அதே நேரத்தில் விட்டிருந்தார்கள். நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். பதிவில் பதினோரு மணி என்றால் நிஜத்தில் எட்டரை. ஏழுமலை சொன்னது அச்சு அசல் உண்மை. பதிவில் ஒன்றரை மணிக்கு வைத்து ஓட்டினேன். ஹெல்மெட் போட்ட யாரோ ஒருவன் பைக்கைச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டு போனான். முதலாளி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார், அந்த மட்டும் சரி. ஏழுமலையிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "தெரியாமத்தானே மேடம் நடந்துச்சு" என்று பெயிண்ட் டப்பாக்களை அடுக்கப் போய்விட்டார். ஏழுமலை கடைக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அவர் சொன்னது: "எட்டரைக்கு வந்தவன இட்டுகினு போய் பதினோரு மணில நிக்க வெச்சிட்டீங்களே மேடம், அந்தக் கேமராவுக்கு எம்மேல இன்னா கோவம்?"

போன வருஷத்தில் வாழ்கிறவர்

கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு, பத்திரம் எல்லாம் டைப் அடித்துத் தருகிற ஒருவர். அவரிடம் இருக்கிற டைப்பிங் சாஃப்ட்வேர் இலவசமாகக் கொஞ்ச நாள் மட்டும் ஓடுவது, பிறகு விலைக்கு வாங்க வேண்டும். இவர் வாங்கவில்லை. தினமும் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் தேதியைப் போன வருஷத்துக்குத் தள்ளிவிடுவார். சாஃப்ட்வேர் இன்னும் தவணை இருக்கிறது என்று நம்பி ஓடும். சாயங்காலம் இண்டர்நெட் வேண்டுமென்றால் இந்த வருஷத்துக்குக் கொண்டுவருவார். இப்படியே வருஷம் தாண்டி வருஷம் போய் வந்துகொண்டிருந்தார்.

மனுவின் அடியில் தேதி தானாக விழும்படி வைத்திருந்ததுதான் வினை. ஒரு நில வழக்குக்காரர் போன வருஷத் தேதியோடு மனுவை எடுத்துக்கொண்டு போய், நோட்டீஸே வராத காலத்தில் பதில் மனு போட்டவராக நின்றிருக்கிறார். திரும்பி வந்து கடைக்கு முன்னால் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். எனக்கு வந்த கோபத்தில் தேதியைச் சரி செய்து, ஆட்டோவைப் போட்டு, சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் துளியும் அசரவில்லை: "முன்னாடி வெச்சா சாப்ட்வேர் படுத்துக்குது, பின்னாடி வெச்சா கிராக்கி அடிக்க வர்றான். நீங்க நடுவால ஏதுனா ஒரு தேதி வெச்சிக் குடுங்க மேடம்."

ராகு காலம் முடிய மூன்று நிமிஷம்

விசாரணை வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். பத்தே காலுக்கே போய்விட்டேன். வாரம் முழுக்க வாயில் மென்றுகொண்டிருந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏழுமலை கதையைக்கூடச் சொல்வதாக இருந்தேன். கோமதி மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவள் போல நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "மாமியாரு வயலுக்கு வான்றாங்கக்கா. ஒரு வாட்டி போய்ட்டேன்னா அப்பறம் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க. இந்த வேலதான் எனக்குன்னு இருக்கறது" என்றாள். மேடம் எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை, கேட்க நன்றாக இருந்தது. நான் இருக்கிறேன், பயப்படாதே என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பத்தரைக்கு மேனேஜர் எட்டிப் பார்த்து, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அறைக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே இருந்த சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அது பன்னிரண்டு இரண்டு என்று காட்டியதும் நான் எழுந்து உள்ளே போனேன். தனசேகர் முன்னாலேயே உள்ளே நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் தன் போனைத் தூக்கி எனக்குக் காட்டினார். "அது ஃபாஸ்ட்டு மேடம். போன்ல பாருங்க, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "சார், ராகு காலத்துக்கு மூணு நிமிஷம் பார்க்கறீங்களே, வெளியில உட்கார்ந்திருக்காளே அவளுக்கு ஒம்பது நிமிஷம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டேன். அவர் மூன்று நிமிஷமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோமதியைக் கூப்பிட்டார். நாற்காலி இருந்தும் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மெஷின் ஒன்பது நிமிஷம் முன்னால் ஓடுவதையும், தனசேகர் மாற்றியதாக அவரே என்னிடம் சொன்னதையும் சொன்னேன். தனசேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்டி சொல்லல சார், மேடம் தப்பா புரிஞ்சிக்கினாங்க" என்றார். அத்தனை தடவை டீ வாங்கிக் கொடுத்த மனுஷர்! நான் விடவில்லை. மெஷினைத் திறந்தால் நேரத்தை யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பது உள்ளேயே பதிவாகி இருக்கும், இப்போதே திறந்து பார்க்கலாம் என்றேன். கோமதி முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் அமைதியாக ஒரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நான் மாசாமாசம் கொடுக்கிற சர்வீஸ் ரிப்போர்ட். கோமதியின் முதல் லேட்டுக்கு மறுநாள் போட்டது. இரண்டாம் கேட் பஞ்ச் மெஷின், நேரம் சரியாக உள்ளதா என்ற கட்டத்தில் ஒரு டிக். மேனேஜர் சொன்னார்: "மெஷின் கரெக்டா இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்."

இருபத்திரண்டு கட்டம்

அந்த ரிப்போர்ட்டில் இருபத்திரண்டு கட்டங்கள். உங்களிடமும் அப்படி ஒரு தாள் இருக்கும், எனக்குத் தெரியும். கேமரா தெரிகிறதா என்று பார்ப்பேன். விரல் ஏற்கிறதா என்று என் விரலையே வைத்துப் பார்ப்பேன். ஒயர், பேட்டரி, தூசி எல்லாம் பார்ப்பேன். நேரத்தை மட்டும் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கேட் சுவரில் தாளை வைத்து மேலிருந்து கீழே ஒரே மூச்சில் டிக் போட்டுக்கொண்டு வருவேன். நேரம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று! அந்தக் கணத்தில் என்மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. தனசேகராவது நல்லது என்று நினைத்துச் செய்தார். நான் எதையும் நினைக்காமல் செய்திருந்தேன்.

மேனேஜர் புரியும்படி சொன்னார். ரிப்போர்ட் சரி என்றால் மெஷின் சரி, மெஷினைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, இந்தப் பெண் லேட். ரிப்போர்ட் தப்பு என்றால் தப்பு என்று எழுதிக் கொடுங்கள், அப்புறம் மெஷினைத் திறக்கலாம். எழுதிக் கொடுத்தால் என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் என் வண்டி ஓடுவதே அந்த ஒரு தொழிற்சாலையை வைத்துத்தான். இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: உடனே பேனாவை எடுத்துவிடவில்லை. அன்றைக்கு ஏதோ இண்டர்நெட் கோளாறு இருந்திருக்கும் என்று கதை கட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்குள் கோமதி, "இன்னாக்கா, பாத்துதான போட்ட?" என்றாள். ஜாடையாகக் கேட்கவில்லை. பார்த்துத்தான் போட்டிருப்பேன், பார்த்தும் ஏன் இப்படி ஆனது என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

பார்க்கவில்லை என்றேன். வெள்ளைத்தாள் வாங்கி அதையே எழுதினேன். இரண்டு மாசமாக இரண்டாம் கேட் மெஷினின் நேரத்தைப் பார்க்காமலே சரி என்று குறித்தேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எல்லோரும் கேட்டுக்குப் போனோம். மெஷினின் பதிவு திறந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு தேதி, கையால் நேரமாற்றம், மாற்றியவர் எண் தனசேகருடையது. கோமதியின் மூன்று லேட்டும் போயின, அட்டை அங்கேயே அவள் கைக்கு வந்தது. தனசேகரிடம் இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொன்னதோடு சரி. ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றவர்கள் இரண்டு மாசமாகக் கொடுத்த நிமிஷங்களைப் பற்றி நான் கேட்டதற்கு, அது இன்றைய விஷயம் இல்லை என்றார்கள். நான் ஆட்டோ ஸ்விட்சைப் போட்டேன். எண்கள் ஒரு முறை மறைந்து, ஒன்பது நிமிஷம் பின்னால் போய் நின்றன. மேனேஜர் தன் போனோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கை கொடுத்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உண்மைய சொன்னதுக்கு தேங்க்ஸ் மேடம். அடுத்த மாசத்துலருந்து வேற ஆளு வருவாங்க."

கோமதி

பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரிடம் வந்தேன். கோமதி பின்னாலேயே வந்தாள், அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். மறுநாள் முதல் ஷிப்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் ஒப்பந்தமே போயிற்று, அது அவளுக்கும் தெரியும், அதனால் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவாள், உங்களை மறக்க மாட்டேன் என்பாள், நானும் பரவாயில்லை போ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பலாம் என்று இருந்தேன். அதற்கு ஏற்ற முகத்தைக்கூட வைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை, அழவும் இல்லை. ஷேர் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ பாக்காம போட்ட டிக்குக்கு நான் பன்னெண்டு நாளு ஊட்ல குந்திக்கினு இருந்தேங்கா. அடுத்த எடத்துலயாவது பாத்து போடு."

ஆக, ஊரில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் பதினேழு வருஷமாக நேரம் திருத்திக்கொண்டிருந்த என்னைத் திருத்த, கோமதிக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து சேரும் நேரமே போதுமானதாக இருந்தது.